ஏழு நாள் மனுவும் ஆறு ஆண்டு வழக்கும்: ராயல் மெயில் பணிநீக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் ஒருவர் தன் நிறுவனத்தில் நடக்கும் முறைகேட்டைச் சொன்னதற்காக வேலையை இழந்தால், இறுதித் தீர்ப்பு வரும்வரை சம்பளம் நிற்காமல் வர ஒரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 128 முதல் 132 வரையான பிரிவுகள் அதைத் தருகின்றன. பெயர் இடைக்கால நிவாரணம். மனுப்போட ஏழு நாள்தான். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றாமல், பெரும்பாலும் காகிதங்களை மட்டும் பார்த்து, நீதிபதி ஒருவர் சில மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடுவார்.

அந்த மனு எங்கே வெல்லும், எங்கே சறுக்கும் என்று பார்க்க, உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 27 அன்று தீர்த்த, தபால் நிறுவனமான ராயல் மெயிலின் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். அது உச்ச நீதிமன்றம்வரை போனது இடைக்கால நிவாரணத்துக்காக அல்ல. பணிநீக்கத்தின் உண்மைக் காரணம் எது என்ற கேள்விக்காக. இடைக்கால மனுவின் மையமும் அதே கேள்விதான். இறுதி விசாரணையில் பல நாள் குறுக்கு விசாரணை செய்து கண்டுபிடித்ததை, இங்கே ஒரு கட்டுக் காகிதத்திலிருந்து ஊகிக்க வேண்டும்.

நடந்தது

2013 செப்டம்பரில் ஒரு பெண் ராயல் மெயிலின் விளம்பரத் தபால் பிரிவில் ஊடக நிபுணராகச் சேர்கிறார். தகுதிகாண் காலம். புது வாடிக்கையாளர்களுக்கும் புது வியாபாரத்துக்கும் சில நிபந்தனைகளோடு மட்டுமே தர வேண்டிய ஊக்கச் சலுகைகளை ஒரு சக ஊழியர் தவறாகக் கையாள்கிறார், அதன் வழியாக போனஸும் கிடைக்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. ராயல் மெயிலின் சொந்த விதிகளுக்கும், ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நிபந்தனைகளுக்கும் இது முரண். நவம்பர் 8 அன்று குழுத் தலைவருக்கு மின்னஞ்சலில் எழுதுகிறார்.

குழுத் தலைவர் அவரை உட்காரவைத்துப் பேசுகிறார். விதிகள் உனக்குச் சரியாகப் புரியவில்லை, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதி அனுப்பு என்கிறார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவரும் அப்படியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறார். வழக்கு முழுவதும் இந்த ஒரு மின்னஞ்சல்தான் எதிர்த்தரப்பின் கையில் இருந்த துருப்புச்சீட்டு.

அதன் பிறகு வாராவாரம் தனிச் சந்திப்பு, எட்ட முடியாத இலக்குகளின் பட்டியல். வேலை சரியில்லை என்ற சித்திரம் காகிதத்தில் மெல்ல மெல்ல எழுகிறது. 2014இன் தொடக்கத்தில் அவர் மனிதவளத் துறைக்கு எழுதுகிறார்: முறைகேட்டைச் சொன்னதால்தான் எனக்கு இந்தத் தொல்லை. பதிலுக்கு, விலகிப்போக முதலில் மூன்று மாதச் சம்பளம், பிறகு ஓர் ஆண்டுச் சம்பளம் தருவதாகப் பேச்சு வருகிறது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத தகுதிகாண் ஊழியரை அனுப்ப ஓர் ஆண்டுச் சம்பளம் தர முன்வருவது வழக்கமல்ல. மார்ச்சில் அவர் மன அழுத்தத்தால் மருத்துவ விடுப்பில் போகிறார். பிறகு வேலைக்குத் திரும்பவே இல்லை.

பணியில் வைப்பதா நீக்குவதா என்று முடிவெடுக்க வேறொரு மேலாளர் நியமிக்கப்படுகிறார். அவருக்கு இந்த விவகாரத்தில் பகையும் இல்லை, முன்னறிவும் இல்லை. ஊழியர் நோயில் இருந்ததால் நேரில் சந்திக்க முடியவில்லை. முறைகேட்டுப் புகார் என்ன ஆயிற்று என்று அவர் குழுத் தலைவரிடம் கேட்கிறார். அது தவறான புரிதல், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற பதிலோடு அந்த வாபஸ் மின்னஞ்சலும் கைக்கு வருகிறது. மனிதவளத் துறைக்குப் போன கடிதங்கள் வரவில்லை. 2014 ஜூலை 21 அன்று, செயல்திறன் போதவில்லை என்று மூன்று மாத நோட்டீஸுடன் அந்த மேலாளர் பணிநீக்கக் கடிதம் எழுதுகிறார். அதை எழுதியவர் அதை மனதார நம்பினார் என்பதே இந்த வழக்கின் சிக்கல்.

வேலை வழக்குகளை முதலில் விசாரிக்கும் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் 2015இல் இரண்டாகப் பிரித்துச் சொன்னது. புகார் சொன்னதற்காக அவரைப் பாதகமாக நடத்தியது உண்மை. ஆனால் பணிநீக்கத்துக்குக் காரணம் அந்தப் புகார் அல்ல, ஏனென்றால் முடிவெடுத்தவர் மனதில் இருந்தது செயல்திறன் மட்டுமே. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016இல் இதைப் புரட்டியது. அதற்கும் மேலே உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் திரும்பவும் பழைய நிலைக்கே கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றத்தில் வில்சன் பிரபு எழுதிய தீர்ப்பு முடிச்சை அவிழ்த்தது: ஊழியருக்கு மேலே படிநிலையில் இருப்பவர் ஒரு காரணத்துக்காக அவரை நீக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதை மறைக்க வேறொரு காரணத்தைப் புனைந்து, முடிவெடுப்பவர் அந்தப் புனைவை நம்பி ஏற்றுக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் காரணம் மறைக்கப்பட்டதுதான், புனையப்பட்டது அல்ல.

இதே உண்மைகளோடு ஏழு நாள் மனு

இப்போது இதே உண்மைகளோடு ஒருவர் இடைக்கால நிவாரணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாள் கணக்கு. வேலை முடிந்த தேதியை அடுத்து வரும் ஏழு நாள் முடிவதற்குள் மனு தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வேலை அக்டோபர் 21 அன்று முடிந்தால் கடைசி நாள் அக்டோபர் 28. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். மற்ற வழக்குகளில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அவகாசம் கேட்கலாம். இங்கே அந்தக் கதவே இல்லை. எட்டாம் நாள் வந்த மனுவை, காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தீர்ப்பாயத்தால் தொட முடியாது.

பலர் கவனிக்காத ஒன்று: மனுவை வேலை முடிவதற்கு முன்பே போடலாம். மூன்று மாத நோட்டீஸ் கிடைத்தவருக்கு உண்மையில் மூன்று மாதமும் ஏழு நாளும் இருக்கிறது. தலைகீழான பொறியும் உண்டு. நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாகப் பணம் கொடுத்து உடனே அனுப்பிவிட்டால், வேலை அன்றே முடிந்தது. பணம் மூன்று மாதத்துக்கானது என்பதால் ஏழு நாள் மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். கடிதத்தில் 'உடனடியாக' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த பொறி ஏகாஸ். தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் ஏகாஸ் அமைப்பின் சமரச முயற்சிக்கு விண்ணப்பித்துச் சான்றிதழ் எண் வாங்குவது பொது விதி. சான்றிதழுக்காகக் காத்திருந்து ஏழு நாளைத் தொலைத்தவர்கள் உண்டு. ஆனால் வழக்கில் அநியாய பணிநீக்கமும் அதோடு இடைக்கால நிவாரண மனுவும் மட்டுமே இருந்தால் சான்றிதழ் தேவையில்லை. வழக்குத் தொடுக்கும் ஈடி1 படிவத்திலேயே அந்த விலக்குக்கு ஒரு கட்டம் இருக்கிறது. 'மட்டுமே' என்பதைக் கவனிக்க வேண்டும். பாதகமாக நடத்தியது, பாகுபாடு, சம்பளப் பாக்கி ஆகியவற்றையும் அதே படிவத்தில் அடைத்தால் அவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். பாதுகாப்பான வழி இரண்டு படிவம்: முதலாவது பணிநீக்கமும் இடைக்கால மனுவும் மட்டும், இன்றைக்கே; மற்றவை சான்றிதழ் வந்தபின் இரண்டாவதில். இரண்டையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

படிவத்தில் இரண்டு விஷயம் வெளிப்படையாக இருந்தாக வேண்டும். ஒன்று, பணிநீக்கத்தின் முதன்மைக் காரணம் பிரிவு 103ஏ சொல்லும் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் (முறைகேட்டைச் சொன்னதற்குச் சட்டம் வைத்த பெயர்) என்ற வாசகம். இரண்டு, இடைக்கால நிவாரணம் கேட்கிறேன் என்ற வாசகம். 'அநியாயமாக நீக்கிவிட்டார்கள்' என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு இந்த இரண்டு வரியை விட்டால் அது சாதாரண வழக்கு. சாதாரண அநியாய பணிநீக்கத்துக்கு இந்த வழக்கு நடந்த காலத்தில் 2 ஆண்டுப் பணிக்காலம் வேண்டியிருந்தது. 103ஏவுக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. அந்த விதியின்படி, முறைகேட்டைச் சொல்லி வேலை இழந்த, ஓர் ஆண்டு மட்டும் வேலை பார்த்தவருக்குப் பணிநீக்க வழக்கில் 103ஏதான் பிடி. பதிந்த கையோடு தீர்ப்பாய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது; வழக்கமான வரிசையில் போய்விட்டால் அவசர மனு என்று யாரும் கவனிக்காமல் கிடக்கும்.

மனு வந்ததும் தீர்ப்பாயம் கூடிய விரைவில் விசாரிக்க வேண்டும். நிறுவனத்துக்கு விசாரணைக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு மனுவின் பிரதியும் அறிவிப்பும் போக வேண்டும். சிறப்புக் காரணம் இல்லாமல் ஒத்திவைக்க முடியாது. வாய்மொழிச் சாட்சியம் பொதுவாகக் கிடையாது.

'வாய்ப்பு' எவ்வளவு?

இறுதி விசாரணையில் 103ஏ காரணம் நிரூபணமாகும் 'வாய்ப்பு இருக்கிறது' என்று தோன்றினால் நீதிபதி நிவாரணம் தரலாம் என்கிறது பிரிவு 129. எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் இந்தத் துறையின் பழைய சண்டை. 1978இல் ஷிப்பம் நிறுவன வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பாதிக்குச் சற்று மேல் என்றால் போதாது, வெற்றிக்கு நல்ல வாய்ப்பே இருக்க வேண்டும் என்றது. அது தொழிற்சங்க வழக்கு; ஆனால் அளவுகோல் முறைகேட்டைச் சொன்ன ஊழியரின் (விசில்புளோயர்) வழக்குக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. 2011இல் நீதி அமைச்சகத்துக்கு எதிரான வழக்கில் இன்னும் தெளிவாக: 51 சதவீதம் அல்ல, அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம்.

இவ்வளவு உயரத்தில் கம்பத்தை நட்டதற்குக் காரணம் பணம். ஆணை வந்தபின் நிறுவனம் கொடுக்கும் சம்பளம், வழக்கு தோற்றாலும் திரும்ப வராது. மாதம் 3,000 பவுண்டு சம்பளம், இறுதி விசாரணைக்கு 14 மாதம் என்றால் 42,000 பவுண்டு. ஒரு மணி நேர வேலையும் வாங்காமல். பாத் பல்கலைக்கழக வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதும் இதுதான்: மீட்க முடியாத இந்தச் சுமையை இலேசில் ஒருவர்மேல் ஏற்றக் கூடாது. காரணம் புரிகிறது. ஆனால் சம்பளம் நின்றுபோன ஊழியரின் இழப்பும் மீட்கக் கூடியதல்ல என்பது அந்தத் தராசில் ஏறவே இல்லை.

இன்னொரு கடினம்: இந்த உயரமான கம்பத்தை ஒரு முறை தாண்டினால் போதாது. தகவல் ஒன்று சொல்லப்பட்டதா, அது சட்டக் கடமை மீறல் போன்று சட்டம் பட்டியலிடும் வகைகளில் ஒன்றைக் காட்டியதாக ஊழியர் நம்பினாரா, அந்த நம்பிக்கை நியாயமானதா, 2013 ஜூன் 25க்குப் பிறகான வெளிப்படுத்தல் என்றால் பொதுநலன் கருதியது என்று நியாயமாக நம்பினாரா, கடைசியாக அதுவேதான் முதன்மைக் காரணமா. ஒவ்வொன்றிலும் தாண்ட வேண்டும். ஒன்றில் 95, இன்னொன்றில் 50 என்றால் சராசரி எடுத்துக் காப்பாற்ற மாட்டார்கள். பல் மருத்துவர் ஒருவரின் வழக்கில், மனுதாரர் ஊழியரா சுயதொழில் செய்பவரா என்ற கேள்விக்கும் இதே அளவுகோல் என்றாகிவிட்டது. இடைக்கால நிவாரணம் பணிநீக்கத்தோடு ஒட்டியது. ஊழியர் அல்லாத தொழிலாளர்கள் பாதக வழக்குப் போடலாம், இதைக் கேட்க முடியாது. பாகுபாட்டுக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் இது கிடையாது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அதை உறுதிசெய்தது.

ராயல் மெயில் உண்மைகள் இந்தக் கம்பத்தைத் தாண்டுமா?

2014இல் என்றால் தாண்டியிருக்காது என்பது எங்கள் கணிப்பு. முடிவெடுத்தவரின் மனதை மட்டும் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு இருந்தது. அவர் நேர்மையானவர், புகாரை விசாரித்துக் கேட்டவர், கையில் வாபஸ் மின்னஞ்சல் வைத்திருந்தவர். காகிதக் கட்டு முழுக்க அவர் பக்கம். வாபஸ் மின்னஞ்சல் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பது காகிதத்தில் இல்லை. அது குறுக்கு விசாரணையில்தான் வர முடியும், இடைக்கால விசாரணையில் குறுக்கு விசாரணை இல்லை. பணிக்காலம் குறைவு என்பதால் காரணத்தை நிரூபிக்கும் சுமையும் ஊழியர்மேல்.

2019க்குப் பிறகு 'நான் நம்பித்தான் கையெழுத்திட்டேன்' என்பது முழுக் கேடயம் அல்ல. நீதிபதி கையெழுத்துக்குப் பின்னால் பார்க்கலாம். ஆனாலும் இரண்டு விஷயம் உறுதிப்பட வேண்டியிருக்கிறது: மேலே இருந்தவரின் உள்நோக்கம், அவர் புனைந்த காரணம். உள்நோக்கத்தை எழுதிவைப்பவர் யார்? எனவே தேதிகள்தான் பேச வேண்டும். நவம்பர் 8க்கு முன் செயல்திறன் பற்றி ஒரு குறையும் எழுத்தில் இல்லை, அதற்குப் பின் வாரம் ஒன்று என்றால், அந்த இரண்டு வரிசையையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாக வைப்பது பத்துப் பக்க வாதத்தைவிட மேல். புதிய இலக்குகள் மற்ற ஊழியர்களுக்கும் உண்டா என்பது அடுத்தது. மனிதவளத் துறைக்கு எழுதியது, பணிநீக்கப் பேச்சு வருவதற்கு முன்பே தொல்லையின் காரணத்தைச் சொன்ன ஆவணம். பின்னால் ஜோடித்த கதை என்று அதைத் தள்ள முடியாது. முடிவெடுத்தவருக்கு அது காட்டப்படவில்லை என்றால், எது மறைக்கப்பட்டது என்பதற்கும் அதுவே சான்று.

ஓர் ஆண்டுச் சம்பளம் தருவதாக வந்த பேச்சைக் காட்டலாமா? சாதாரண அநியாய பணிநீக்க வழக்கில் இத்தகைய பேச்சை மறைக்கும் பிரிவு 111ஏ, தானாகவே அநியாயமாகும் 103ஏ வகை வழக்குக்குப் பொருந்தாது. ஆனால் ஏற்கெனவே தகராறு எழுந்தபின் நடந்த உண்மையான சமரசப் பேச்சு என்றால், 'உரிமைக்குப் பாதகமின்றி' என்ற பொதுச் சட்ட விதி தனியே குறுக்கே வரும். முகப்பில் அந்த வாசகம் இருப்பது மட்டும் போதாது. தகராறு இருந்ததா என்பதே கேள்வி. இதில் அவசரப்பட்டு ஆவணத்தைக் கட்டில் சேர்த்துவிட்டுப் பிறகு நீக்கச் சொல்லி வாதாடுவதில் அந்தச் சில மணி நேரமும் கரைந்துவிடும்.

வாபஸ் மின்னஞ்சல் இருக்கும்போது மனு தோற்கத்தான் வேண்டுமா என்றால், அப்படியில்லை. சொன்ன தகவல், சொன்ன கணத்தில் தகுதி பெற்றுவிட்டது. பிறகு பயந்து பின்வாங்கியது அதை அழிக்காது. ஆனால் காகிதத்தைப் பார்க்கும் நீதிபதிக்கு அது உறுத்தும். அன்றைக்கே தனக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ 'இப்படி எழுதச் சொன்னார்கள், எழுதினேன்' என்று தேதியோடு அனுப்பிய ஒரு குறிப்பு இருந்தால் நிலைமை வேறு. எழுதச் சொல்லும் அந்தச் சந்திப்பிலேயே 'யோசித்துச் சொல்கிறேன்' என்று வெளியே வருவது அதைவிட நல்லது.

ஆவணம் சேர்க்க ஏழு நாளில் நேரமில்லை. நிறுவனத்திடம் தன்னைப் பற்றிய தகவல்களைக் கேட்கும் உரிமைக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு மாதம் உண்டு. அதனால் கட்டில் இருக்கப்போவது வேலையில் இருந்தபோதே கையில் இருந்தவை: புகார் மின்னஞ்சல், அதற்கு வந்த பதில், பழைய மதிப்பீடு, நோட்டீஸ் கடிதம், சம்பளச் சீட்டு. வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் பட்டியல்களை மொத்தமாகத் தனி மின்னஞ்சலுக்கு அனுப்புபவர்கள், நிறுவனத்துக்குக் கைமேல் ஒரு புதுக் காரணத்தைக் கொடுக்கிறார்கள். புகாரும் தகவலாக இருக்க வேண்டும்: 'இங்கே எல்லாம் ஒழுங்கில்லை' என்பது பாதுகாப்புப் பெறாது, எந்த வாடிக்கையாளர், எந்தச் சலுகை, எந்த நிபந்தனை மீறப்பட்டது என்பது பெறும்.

வென்றால் என்ன ஆகும்

நீதிபதி தன் முடிவை அறிவித்து, நிறுவனத்திடம் கேட்பார்: அதே வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்கிறீர்களா, இல்லையென்றால் அதற்குக் குறையாத நிபந்தனைகளில் வேறு வேலை தருகிறீர்களா? பெரும்பாலும் இரண்டுக்கும் மறுப்புத்தான். அப்போது பிரிவு 130இன்படி ஒப்பந்தத் தொடர்ச்சி ஆணை. வேலை முடிந்த நாளிலிருந்து வழக்கு தீரும்வரை அல்லது சமரசமாகும்வரை சம்பளம், சலுகைகள், பணிமூப்பு, ஓய்வூதிய உரிமை ஆகியவை ஒப்பந்தம் நீடிப்பதுபோல் ஓடும். ஏற்கெனவே கொடுத்த நோட்டீஸ் பணம் கழியும். வேறு வேலை தருவதாகச் சொல்லி ஊழியர் நியாயமில்லாமல் மறுத்தால் ஆணை கிடைக்காது; மறுப்பு நியாயமானால் கிடைக்கும். சூழ்நிலை மாறினால் இரு தரப்பும் ஆணையை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கலாம். பணம் தராமல் இழுத்தடித்தால் பிரிவு 132இல் இழப்பீடு உண்டு.

விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதைத் தனியாகத் தீர்மானித்துவிட்டது. தொடக்க வாரங்களிலேயே நிறுவனத்தின் பெயரோடு ஒரு தீர்ப்பு பொதுவில் வரக்கூடும் என்பதால், பல நிறுவனங்கள் விசாரணைக்கு முந்தைய நாளே சமரசத்துக்கு வந்துவிடுகின்றன. அதே கத்தி ஊழியர் பக்கமும் வெட்டும்: பலவீனமான மனு தோற்றால், எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பைக் காட்டியே பிறகு வரும் சமரசத் தொகையைக் குறைக்கும். வாபஸ் மின்னஞ்சல் மாதிரி ஒரு காகிதம் நடுவில் நின்று, சுற்றி விளக்கும் காகிதம் எதுவும் இல்லையென்றால், மனுவைப் போடாமல் விடுவதும் ஒரு முடிவுதான். இடைக்கால மனு தோற்றால் முக்கிய வழக்கு சாகாது. இறுதி விசாரணையில் எல்லாம் புதிதாகப் பார்க்கப்படும்.

இடைக்கால மனுவில் மூழ்கியிருக்கும்போது நழுவுவது பிரிவு 47பியின் பாதக வழக்கு. வாரச் சந்திப்புகள், எட்ட முடியாத இலக்குகள், வாபஸ் எழுதவைத்தது ஆகியவை பணிநீக்கத்திலிருந்து வேறான தவறுகள். ராயல் மெயில் வழக்கில் தொடக்கத் தீர்ப்பாயத்திலேயே நின்ற பகுதி இதுதான். அதற்கான காலக்கெடு பணிநீக்க நாளிலிருந்து அல்ல, அந்தந்தச் செயல் நடந்த நாளிலிருந்து ஓடும். அவை தொடர் செயல்களாக இருந்தால் கடைசிச் செயலிலிருந்து. அன்றைக்கு அது மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. 2025ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் அதை ஆறு மாதமாக நீட்ட வகை செய்கிறது; தன் வழக்குக்கு எது பொருந்தும் என்பதை அமலுக்கு வந்த தேதியை வைத்துப் பார்க்க வேண்டும். முதல் படிவம் போன அன்றே ஏகாஸுக்கும் விண்ணப்பித்துவிட்டால் இரண்டாவது படிவத்துக்கான கெடு கையில் நிற்கும்.